சோற்றுப் பொதிக்கு ஸ்டார் போட்ட கதை

1. வியாழக்கிழமை

மதியம் பன்னிரண்டரை மணி. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல். நோயாளிகளுக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்கள் இருநூறு பேர் சோற்றுக்காக வரிசையில் நின்றார்கள். எங்களிடம் இருந்தது அறுபத்தொரு பொதி. குறைவுக்குக் காரணம் மழையல்ல, ஹர்த்தால் என்கிற கடையடைப்பும் அல்ல. நான் எழுதிய ஒரு ஆப்.

இருபத்தாறு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். என் புரோகிராம் பல சர்வர்களைப் படுக்க வைத்திருக்கிறது. மனிதர்களின் மதியச் சாப்பாட்டை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

பொதி விநியோகத்தை நடத்தும் லைலா சேச்சி என்னைத் திட்டவில்லை. "வரிசைக் கடைசியில நிக்கிறவங்க கிட்ட சோறு தீந்து போச்சுன்னு நீயே போய்ச் சொல்லு மோனே" என்றார், அவ்வளவுதான்.

போனேன். ஒரு பெரியவர், "இன்னிக்கு என்ன, ஹர்த்தாலா?" என்று கேட்டார். சாஃப்ட்வேர் அப்டேட் என்று சொல்ல வாய் வரவில்லை.

2. கேட்டது ஒன்று

எங்கள் கம்பெனியில் சனிக்கிழமைகளில் ஊருக்குள் இருக்கும் சேவை அமைப்புகளுக்கு இலவசமாக மென்பொருள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அப்படித்தான் லைலா சேச்சி எங்கள் டீமிடம் வந்து மாட்டினார். அறுபது தாண்டியவர். சாலை பஜாரில் பாத்திரக்கடை. அம்மா வழி நாகர்கோவில் என்பதால் தமிழும் மலையாளமும் கலந்தடிப்பார்.

ஊரில் பல வீடுகளில் மதியச் சமையலோடு நாலைந்து பேருக்குக் கூடுதலாகச் சமைத்து, வாழையிலையில் பொதியாகக் கட்டிக் கொடுப்பார்கள். சேச்சியின் ஆட்டோ போய் வாங்கிவரும். கட்டியவர் யார் என்று தின்றவருக்குத் தெரியாது, தின்றவர் யார் என்று கட்டியவருக்கும் தெரியாது. சேச்சிக்கு இருந்த ஒரே தொல்லை, பொதி இல்லாத வீட்டுக்கும் ஆட்டோ வீணாகப் போய்வருவது.

"காலையில ஒம்பது மணிக்கு எந்த வீட்ல எத்ர பொதின்னு தெரிஞ்சா மதி, அது போதும். வேற ஒண்ணும் வேண்டா."

அது ஒரு திரை வேலை. நாங்கள் ஐந்து இன்ஜினியர்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு திரை செய்தால் கேவலம் இல்லையா? பதினேழு திரை செய்தோம். அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. "யூசர் ஃபீட்பேக் எங்கே?" என்று மீட்டிங்கில் கேட்டேன். ஒவ்வொரு பொதியிலும் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். சாப்பிட்டவர் ஸ்கேன் செய்து ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று போடலாம், கருத்தும் எழுதலாம். எந்த வீடு முதலிடம், எது கடைசி என்ற பட்டியல், சமைக்கும் வீட்டார் எல்லாரும் இருக்கும் வாட்ஸாப் குரூப்புக்குப் போகும்.

டீமிலேயே ஜூனியரான விஷ்ணு மட்டும் கேட்டான்: "சார், சும்மா சோறு போடுறவங்களுக்கு நாம மார்க் போடணுமா?"

"டேட்டா இல்லாம எதையும் இம்ப்ரூவ் பண்ண முடியாது" என்றேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் அப்ரைசல்.

3. இரண்டு புள்ளி ஒன்று

ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்? ஸ்கேன் செய்து தள்ளினார்கள். முதல் வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

முதலிடம் வந்த வீடு வறுத்த மீன் வைத்திருந்தது. அதைப் பார்த்து அடுத்த வீடு மீனோடு முட்டையும் வைத்தது. மூன்றாவது வீடு பாயசத்தில் இறங்கியது. சோறு, மோர்க்குழம்பு, சம்மந்தித் துவையல், அதற்கு மேல் முடியாத வீடுகள் சத்தமில்லாமல் ஆப்பில் 'இன்று 0' என்று போட ஆரம்பித்தன.

வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு தெருவிலிருந்து மட்டும் தினம் முப்பது பொதி வரும். ஒரு அரசு அலுவலகத்தில் சீனியர் கிளார்க்காக இருக்கும் கோமதி மாமிதான் அங்கே எல்லாம். அவருடைய புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் கிடைத்தது 2.1. 'மீன் எங்கே?' என்று ஒருவர். 'ஒரு முட்டையாவது?' என்று இன்னொருவர். போதாததற்குக் காலை ஆறு மணிக்கு ஆப் தானாகவே மாமிக்கு ஒரு செய்தி அனுப்பியது: 'உங்கள் சமையல் சராசரிக்குக் கீழே. இன்னும் முயன்று பாருங்கள்!' அந்த ஆச்சரியக்குறி என் கைவண்ணம்.

அன்று தெரு மொத்தமும் பூஜ்யம். அதுதான் அந்த வியாழக்கிழமை.

4. மாமியின் நிபந்தனை

சாயங்காலமே சேச்சியோடு மாமி வீட்டுக்குப் போனேன்.

"மாமி, தப்பு என்மேலதான். ரேட்டிங்கை இப்பவே எடுத்துடறேன்."

"எடுத்துட்டா ஆச்சா சார்? எல்லாரும்தான் பாத்தாச்சே! பால்காரன்கூட 'ரெண்டு புள்ளி ஒண்ணு மாமி'ங்கறான்." அடுக்களைப் பக்கம் கை காட்டினார். "அந்த மெசேஜ் வந்தப்போ புளிக்காச்சல் அடுப்புல இருந்துது. அணைச்சுட்டேன். யாருக்குன்னு தெரியாம பண்ணிண்டிருந்தேன். அது நன்னா இருந்துது."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"சரி, ஒரு நாளைக்கு எடுக்காதேங்கோ" என்றார் மாமி. "நாளைக்கு உங்க கையால சமைச்சுப் பத்துப் பொதி கட்டிண்டு வாங்கோ. உங்களுக்கு எத்தனை ஸ்டார் விழறதுன்னு பாப்போம். அப்புறம் நாங்க கட்டறோம்."

"அது ந்யாயம் கேட்டோ" என்றார் சேச்சி. எனக்குப் பரிந்து பேச நான் கூட்டிப்போன ஆள்!

வீட்டில் மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஸ்டார் வச்சது நீங்க, சோறு வடிக்கிறதும் நீங்களே" என்று சொல்லிவிட்டாள். கேரளத்து மட்டைச் சிவப்பரிசி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. இலையைத் தணலில் வாட்டி மடிக்க வேண்டும் என்பதும் தெரியாது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, சாம்பார் பையில் தேங்கியது.

வெள்ளிக்கிழமை மதியம் முடிவு வந்தது. 1.3. பட்டியலில் கடைசி. 'அரிசி வேகவில்லை.' 'சட்டையெல்லாம் சாம்பார்.' 'கட்டியவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?' கடைசியாக ஒன்று: 'நேற்றுப் பட்டினி. அதுவே தேவலை.'

குரூப்பில் அரை மணி நேரம் சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டின. பிறகு மாமி எழுதினார்: 'நாளை எங்கள் தெருவிலிருந்து நாற்பது பொதி.' இன்ஜினியரே இப்படிக் கட்டிக் கொடுக்கும்போது நமக்கென்ன என்று தோன்றியிருக்க வேண்டும். மோர்க்குழம்பு வீடுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. 'உங்கள் சமையல் சராசரிக்குக் கீழே. இன்னும் முயன்று பாருங்கள்!' நானே எழுதிய வரிதான். இருந்தும் சுருக்கென்றது. பல் தேய்க்கும் முன் லேப்டாப்பைத் திறந்து ரேட்டிங்கை அழித்தேன். அந்தக் கையோடு பதினாறு திரைகளையும் அழித்தேன். சேச்சி கேட்ட ஒரு திரை மட்டும் மிஞ்சியது. அது இன்றும் ஓடுகிறது.

அன்று மதியம் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கொடுத்து, பன்னிரண்டு பொதி மிஞ்சியது.

தின்பவர்தான் என் யூசர் என்று நினைத்தேன். கட்டுபவர் மனம் ஒடிந்தால் தின்பவருக்கு ஒன்றுமில்லை என்று, செய்யவேண்டியதைப் பட்டியலிடும் எந்த ஸ்பெக்கிலும் எழுதியிருக்கவில்லை. அதை நான் கேட்டிருக்க வேண்டும். விஷ்ணு கேட்டான்.

இப்போதும் மீட்டிங்கில் யாராவது, "இதுக்கு ஒரு ரேட்டிங் வைக்கலாமே சார்" என்றால் நான் வாதாடுவதில்லை. "முதல்ல பத்துப் பொதி கட்டிண்டு வா" என்கிறேன். இதுவரை ஒருவரும் கட்டிவரவில்லை. நான் மட்டும் வியாழக்கிழமைகளில் கட்டிக்கொண்டு போகிறேன். இலை வாட்டக் கற்றுக்கொண்டேன். சோறு எப்படி என்று யாரும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.