ரங்கசாமி 'ரிஜெக்ட்' செய்த நாவல்

1. பொறுப்பேற்ற நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாராபுரத்திலிருந்து மாற்றலாகி, துடியலூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராகப் பொறுப்பேற்றேன். முதல் நாள் கதவைத் திறந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒருவர் கையில் நாவலோடு மேசைக்கு வந்தார். நல்ல கோபத்தில் இருந்தார்.

"ஏனுங்க, இத நீங்களே பாருங்க. நேத்துத்தான் எடுத்துட்டுப் போனேன். மொதப் பக்கத்தத் தொறந்தா, 'நெருப்பு வைத்தது அண்ணன்காரன்தான், கடைசியில் தெரியும்'னு எழுதியிருக்குது. இனி நா எதுக்குங்க முந்நூறு பக்கம் படிக்கோணும்?"

பென்சில் எழுத்து. அழகான, நேரான எழுத்து. கீழே ஒரு வட்டம், அதற்குள் 'ரி'.

வந்தவரைச் சமாதானம் செய்து வேறு புத்தகம் கொடுத்து அனுப்பினேன். பிறகு நாவல் அலமாரியில் கை வைத்தால், எடுத்த புத்தகத்தில் எல்லாம் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். 'அவசியம் படிக்கவும்.' 'நேரம் விரயம்.' 'மேற்படி கருத்தை நம்ப வேண்டாம்.' ஒரு நாவலில் 'இங்கே அழுதேன்' என்று ஒருவர் எழுத, பக்கத்திலேயே 'எதற்கு?' என்று வட்டம் போடும் ஆள் கேட்டிருந்தார். இருப்புச் சரிபார்க்கப் போன நான் அன்று மாலைவரை இவற்றைத்தான் படித்தேன். எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடு எல்லாவற்றையும் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் ஆள் அகப்பட்டார். பெயர் ரங்கசாமி. மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"அய்யா, இது அரசாங்கத்துச் சொத்துங்க. எழுதக் கூடாதுங்க."

"எழுதாம எப்படிங்க அம்மணி? எங்க கம்பெனில இரும்புல வார்த்து வர்ற காஸ்டிங்ல ஓட்டை இருந்துச்சுன்னா, சாக்பீஸ்ல வட்டம் போட்டு 'ரி'ன்னு எழுதித் தள்ளி வெச்சுப்போடுவமுங்க. ரிஜெக்ட்டு. எழுதலீன்னா அடுத்தவன் அத எடுத்துப் பம்பு பூட்டிப்போடுவான். இந்த நாவல்ல நூத்தி நாப்பதாம் பக்கத்துல பெரிய ஓட்டைங்க. நாலு பேருக்குத் தெரியோணுமல்லங்க?"

"முடிவையும் சேர்த்து எழுதிட்டீங்களே அய்யா?"

"ரிஜெக்ட் பண்ணுன சாமானுக்கு முடிவு தெரிஞ்சா என்னங்க, தெரியாட்டி என்னங்க?"



2. கருத்து நோட்டு

நான் கண்டுபிடித்த வழி ஒரு இருநூறு பக்க நோட்டு. மேசையோரம் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். 'நாவல்கள் பற்றிய உங்கள் கருத்துகளையும் பரிந்துரைகளையும் இதில் எழுதவும். புத்தகத்தில் எழுத வேண்டாம்.' என் பணிக்காலத்தில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் நோட்டு போர்க்களமானது. ரங்கசாமி ஒரு நாவலைத் தள்ளினால், பள்ளி ஆசிரியை தனலட்சுமி டீச்சர் அதே நாவலுக்கு இரண்டு பக்கம் வக்காலத்து எழுதுவார். 'இலக்கியம் என்பது இரும்புச் சாமான் அல்ல' என்று டீச்சர் எழுதினார். 'இரும்புச் சாமான் என்றால் தண்ணீராவது இறைக்கும்' என்று ரங்கசாமி எழுதினார். வருகிறவர்கள் நாவலை விட்டுவிட்டு நோட்டை வரிசையில் நின்று படித்தார்கள். டீச்சர் பாராட்டிய புத்தகத்தை ஒரே நாளில் ஆறு பேர் கேட்டார்கள். இருந்தது ஒரே பிரதி. கிடைக்காத ஐந்து பேரும் என்னைத்தான் திட்டினார்கள்.

யாரோ மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் போட்டுவிட்டார்கள். ஆய்வுக்கு வந்த அலுவலர் நோட்டைப் புரட்டினார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்துவிட்டார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "இதெல்லாம் எழுத்துல வேண்டாம்மா. ஆபத்து. வாசகர் வட்டம்னு ஒன்னு இருக்குதல்ல? மாசா மாசம் கூட்டம் போடுங்க. வாயில பேசட்டும். காத்தோட போயிரும்" என்றார். "லேடீஸ் எண்ணிக்கையும் ரிப்போர்ட்ல வரணும்" என்று போகும்போது சேர்த்துக்கொண்டார்.

3. மரகதம்

லேடீஸ் எண்ணிக்கைக்காகத்தான் நான் மரகதத்தைக் கூப்பிட்டேன். இதை மறைத்துப் பயனில்லை.

மரகதம் பஞ்சு மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். பகல் ஷிப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு நாலு மணிக்கு வருவார். வாரம் இரண்டு நாவல். எடுத்ததைச் சொன்ன தேதியில் திருப்பித் தருவார். "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால், "இருந்துச்சுங்க மேடம்" என்பார். அவ்வளவுதான். நோட்டின் பக்கம் திரும்பியதே இல்லை. கருத்துச் சொல்லாத ஒரே வாசகர் என்பதால் அவர் வந்தால் எனக்கு நிம்மதி.

அந்த மாதக் கூட்டத்துக்கு ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்திருந்தோம். கரிசல் காட்டில் ஒரு குடும்பம், அதில் ஒரு சிறு பையன் சாகிறான், அதற்குப் பின்னால் அந்தத் தாய் எப்படி வாழ்கிறாள் என்பதுதான் கதை. டீச்சர் பரிந்துரைத்தது. நான் அதை மரகதத்தின் கையில் கொடுத்து, "நல்ல நாவலுங்க. படிச்சுட்டு ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்குக் கட்டாயம் வரோணும்" என்றேன். கொடுப்பதற்கு முன் அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உறுப்பினர் எண்ணும் வீட்டு முகவரியும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். மரகதம் கடைசி நாற்காலியில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரங்கசாமி எழுந்தார்.

"நாவல்ல மொதப் பாதி பழுதில்லீங்க. பின்பாதி இழுவை. அத உடுங்க. எண்பத்தி ரெண்டாம் பக்கத்துல ஒரு ஓட்டை இருக்குது பாருங்க, அங்கயே நா ரிஜெக்ட் பண்ணிப்போட்டேன். பையன் செத்து மறுநாளு காத்தால, அந்தம்மா எந்திரிச்சு அடுப்பு மூட்டிச் சோறாக்குது. எந்த ஊருலீங்க நடக்கும்? சாவு ஊட்டுல சொந்தக்காரங்கதான் சோறு கொண்டாருவாங்க. பெத்தவளுக்கு அடுப்புக்கிட்டப் போக மனசு வருமுங்களா? எழுதுனவருக்கு ஊர் வழக்கமும் தெரியல, பொம்பள மனசும் தெரியல."

பலர் தலையாட்டினார்கள். எதற்கும் ரங்கசாமியோடு ஒத்துப்போகாத தனலட்சுமி டீச்சரே, "அந்த இடம் எனக்கும் கொஞ்சம் உறுத்துச்சுங்க" என்றார். நானும் தலையாட்டினேன். சண்டை இல்லாமல் ஒரு கூட்டம் முடியப்போகிறது என்ற சந்தோஷம் எனக்கு.

அப்போது மரகதம் எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே பேசினார்.

"நா ஆக்குனேனுங்க."

யாருக்கும் புரியவில்லை. ரங்கசாமி, "என்னங்க அம்மணி?" என்றார்.

"என்ற பையன் ஆறு வயசுல காச்சல்ல போயிட்டானுங்க. மறுநாளு காத்தால நாந்தான் அடுப்பு மூட்டுனேன். பெரியவளுக்கு அப்ப எட்டு வயசு. எந்திரிச்சு வந்து, 'அம்மா, பசிக்குது'ன்னா. சொந்தக்காரங்க சோறு வாரதுக்கு ஒம்பது மணியாகுமுங்க. அவகிட்ட என்னன்னு சொல்றது? அரிசியக் களஞ்சு போட்டேன். அப்ப அழுகை வரலீங்க. ஒல பொங்குறதப் பாத்துட்டு நின்னேன்."

குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. மில்லில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"அதுக்கு எங்க மாமியா இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுமுங்க. பையன் போன சூடு ஆறல, இவ சோறாக்குனான்னு. அக்கம் பக்கமும் பேசுனாங்க. நானே, நம்ம மனசு கல்லுத்தானோன்னு நெனச்சுட்டிருந்தேன். இந்தப் பொஸ்தகத்துலதானுங்க ஒருத்தரு அதத் தப்புன்னு சொல்லாம எழுதியிருக்காரு. அந்தப் பக்கத்த நா நாலுவாட்டி படிச்சேன்."

புத்தகத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, "வாரனுங்க மேடம்" என்று கிளம்பிவிட்டார். ரங்கசாமி நின்றபடியே இருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில் 'நாவல் குறித்துப் பயனுள்ள கருத்துகள் பகிரப்பட்டன. பெண்கள்: 3' என்று எழுதி அனுப்பினேன். என்மேல் எனக்கே வந்த கோபத்தை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

4. மூன்று வாரம்

அடுத்த வாரம் மரகதம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ரங்கசாமி தினமும் வந்து, செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, நாலு மணி ஆனதும் வாசலைப் பார்ப்பார்.

"அந்த அம்மணி வந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஊடு எங்கீங்க? நா போயி ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

"வேண்டாங்க அய்யா. வாசகர் முகவரியைக் கொடுக்கக் கூடாதுங்க."

விதியைச் சொல்லி மறுத்தேனே தவிர, எனக்கும் போகத்தான் தோன்றியது. போய் என்ன சொல்வது? இனி நாவலே படிக்க மாட்டார், அதற்கு நான்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மரகதம் உள்ளே வந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"என்னங்க இத்தன நாளா காணோம்?"

"ஷிப்ட் மாத்திட்டாங்க மேடம். நீங்க தொறக்கற நேரத்துல எனக்குத் தூக்கமுங்க. இன்னிக்கு லீவு."

இதற்கா மூன்று வாரம் நாங்கள் சோறு இறங்காமல் கிடந்தோம்? கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ரங்கசாமி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மெதுவாக வந்து நின்றார்.

"அம்மணி, அன்னிக்கு நா தெரியாமப் பேசிப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மரகதம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பின்பாதி நீங்க சொன்னது செரிதானுங்க. ஒரே இழுவை. அந்தம்மா டவுனுக்குப் போனதுக்கப்பறம் எழுதுனவருக்கு என்ன எழுதறதுன்னு தெரியல" என்றார்.

ரங்கசாமியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடனே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நூற்றைம்பதாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குறையாக எண்ண ஆரம்பித்துவிட்டார். மரகதம் சிலதை ஒப்புக்கொண்டார், சிலதை மறுத்தார். இருவர் சத்தமும் ஏறி, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்னிடம் புகார் சொன்னார்கள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேதான் இது நடந்தது. நான் இரண்டு முறை மேசையைத் தட்டினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். வாசகர்கள் சண்டை போடுவார்கள். புத்தகத்தில் கிறுக்குவார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துப் பரிந்துரைத்ததைக் குப்பை என்பார்கள். அதற்கெல்லாம் எரிச்சல் வரும், வரட்டும். எனக்குக் கடைசி நாள்வரை வந்தது. ஆனால் ஒருவர் நாவலைத் திருப்பித் தரும்போது உடனே தேதி முத்திரையைக் கையில் எடுக்காதீர்கள். அரை நிமிடம் அவர் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த புத்தகம் தேடப் போய்விடுவார்கள். எப்போதாவது ஒருவர் நின்று வாயைத் திறப்பார். அப்போது குறுக்கே பேசாதீர்கள்.