காலிக் கடையில் ஓர் ஏணி

அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவளை எல்லோரும் லிஃப்டக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரவரே பொத்தானை அழுத்திக்கொள்ளும் புது லிஃப்ட் வந்ததும் வேலை போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தம்பி வீட்டுச் சோற்றில் காலம் தள்ளுவதில்லை என்று வைராக்கியம். அம்மா இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன தெருமுனை அறையில் கடை வைக்கிறேன் என்றாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். ஓடலேன்னா அறையை வாடகைக்கு விட்டுருவேன். அப்புறம் நம்ம வீட்டோட இருக்கணும், சரியாக்கா?" என்றான் தம்பி.

"சரிடா."

யோசனை சொல்லத் தெருவே திரண்டது. தம்பி மனைவி வளையல் வைக்கச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் நோட்டுப் புத்தகம் என்றார். அத்தனை யோசனைகளையும் அடுக்கியிருந்தால் கடையில் நிற்க இடம் இருந்திருக்காது.

"ஏறுறவங்க மாடியைச் சொல்லாம நான் பொத்தானை அழுத்தினதே இல்ல. வர்றவங்க என்ன கேக்குறாங்கன்னு பார்த்துட்டுத்தான் சரக்கு வாங்குவேன்" என்றாள் லிஃப்டக்கா.

அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுக் கண்ணாடி அலமாரி ஒன்றை வாங்கி நிறுத்தி, ஒன்றுமே இல்லாத கடையைத் திறந்து உட்கார்ந்தாள். எறும்புகள் சாரியாக உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போயின.

"என்னக்கா, காத்தை எடை போட்டு விக்கிறியா?" என்றான் பால்காரன்.

"உனக்கு எவ்வளவு வேணும், அதைச் சொல்லு."

வந்தவர்கள் முகவரி கேட்டார்கள். சில்லறை கேட்டார்கள். பிறகு மாடி வீட்டுத் தையல்காரம்மா, சுண்ணாம்பு அடித்தவர் மூலையில் விட்டுப்போயிருந்த ஏணியைக் காட்டி, "ஃபேன் துடைக்கணும், இதைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்றாள். அடுத்து பாட்டு டீச்சர், பல்ப் மாற்ற. அப்புறம் மருந்துக்கடைக்காரரே வந்தார், போர்டு மாட்ட. எல்லாம் புறாக்கூண்டு வீடுகள்; ஏணி வைக்க எவர் வீட்டிலும் இடமில்லை. லிஃப்டக்காவுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. வாடகை வாங்க ஆரம்பித்தாள்.

ஆனால் ஏணிக்குச் சொந்தக்காரர் வந்து நின்றார்.

"அண்ணே, இதை எனக்கே குடுத்துடுங்க. பதிலுக்கு அந்த அலமாரியை எடுத்துக்குங்க."

அவள் மனம் மாறுமுன் அவர் அலமாரியை வண்டியில் ஏற்றிவிட்டார்.

தம்பி தலையில் கை வைத்தான். "புது அலமாரியைக் குடுத்துட்டு ஓட்டை ஏணியா? உனக்கு மூளை கழண்டுபோச்சாக்கா?"

"கழண்டா மாட்டிக்கிறேன். மாசம் இன்னும் முடியல, போடா."

தைரியமாகத்தான் சொன்னாள். அவன் போனபின் வெறும் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எழுந்து போய் ஏணியின் ஆடும் படிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் கட்டினாள்.

மாதக் கடைசியில் தம்பி 'அறை வாடகைக்கு' என்ற பலகையுடன் வந்தான். ஷட்டருக்கு மேலே ஆணி அடிக்க எட்டவில்லை.

"ஏணி எங்கக்கா?"

"வெளிய போயிருக்கு. இவங்களுக்கெல்லாம் அப்புறம்தான் நீ."

வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தையல்காரம்மா அவனை முறைத்தாள். "வரிசையில வாங்க தம்பி. நான் காலையிலேர்ந்து நிக்கிறேன்."

பின்னால் ஒருவர் எட்டிப் பார்த்து, "சுவத்துல ஓட்டை போடுற மெஷின் கிடைக்குமாக்கா?" என்றார்.

"அடுத்த வாரம் வாங்க, இருக்கும்" என்றபடி லிஃப்டக்கா செருப்பை மாட்டினாள். தன் ஸ்டூலைத் தம்பி பக்கம் தள்ளினாள்.

"உட்காருடா. கடையைப் பார்த்துக்கோ. இன்னொரு ஏணி வாங்கிட்டு வந்துடறேன்."

பலகையை மடியில் கவிழ்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.