அம்மாவுக்கு நான் வைத்த குடிமையியல் பரீட்சை

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது நான் டீச்சராக இருந்தேன். மாணவி ஒரே ஒருத்திதான், என் அம்மா. பாடம் குடிமையியல். பிரம்பு வைத்துக்கொள்ள வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை என்பதால் ஓர் அடிஸ்கேலை வைத்திருந்தேன். அதை யார் மேலும் பிரயோகித்ததில்லை. ஆனாலும் கையில் அது இல்லாவிட்டால் எனக்குப் பாடம் நடத்த வராது.

அம்மாவுக்குச் சொந்த ஊர் வவுனியா, அப்பாவுக்கு ராஜபாளையம். இருவரும் துபாயில் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள். அப்பா எலக்ட்ரீசியன்; அம்மா பில் போடும் இடத்தில் இருந்தாள். கல்யாணம் முடிந்ததும் அப்பா ஊருக்கே திரும்பி நூல் மில்லில் சேர்ந்துகொண்டார். அம்மாவும் தன் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அவர் பின்னால் வந்து இறங்கினாள். அதன் பிறகு நான் பிறந்தேன். ஆக, அப்பாவும் நானும் இந்தியர்கள். அம்மா அப்படி இல்லை. குழம்பு கொதிக்கிற வீட்டில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? வருடத்துக்கு ஒருமுறைதான் ஞாபகம் வரும்.

ஒவ்வொரு வருடமும் 'இன்னும் ஓராண்டு இங்கே தங்கிக்கொள்ளலாம்' என்று ஒரு தாள் வாங்க வேண்டும். அதற்கு போட்டோ, மில்லிலிருந்து கடிதம், வீட்டு முகவரிக்கு அத்தாட்சி என்று அம்மா ஒரு மஞ்சள் பையோடு அலைவாள். ஒரு வருடம் அந்தத் தாள் வரத் தாமதமாகிவிட்டது. அந்த நாட்களில் வாசலில் ஏதாவது பைக் வந்து நின்றால் போதும், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். தேர்தல் நாளன்று அப்பாவோடு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போவாள். அவர் ஓட்டுப் போட்டுவிட்டு வரும் வரை எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை நிழலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே போன அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். "ஆர் ஆளோணும் எண்டு அவர் சொல்லப் போயிருக்கிறார்" என்றாள் அம்மா. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அங்கே ஐஸ் வண்டி எதுவும் நிற்கவில்லை என்பதுதான் என் கவலை.

ஒருவழியாக அம்மா குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்தாள். கொடுத்த வாரமே டொரன்டோவிலிருந்து சித்தி வீடியோ காலில் வந்தாள். வவுனியாவிலிருந்து அம்மம்மாவும் அதே காலில் இருந்தாள். அம்மாவின் அம்மாவைத்தான் அந்தப் பக்கத்து வழக்கப்படி நான் அம்மம்மா என்று கூப்பிடுவேன். அம்மம்மாவுக்குப் போனை எப்படிப் பிடிப்பது என்று கடைசி வரை பிடிபடவில்லை. எங்களுக்கு எப்போதும் அவள் நெற்றியும் மேலே சுற்றுகிற மின்விசிறியும்தான் தெரியும்.

"இஞ்ச இருபது கேள்வி கேட்டவை அக்கா. பதினைஞ்சு சரியாச் சொன்னால்தான் பாஸ். புத்தகம் தந்தவை, விழுந்து விழுந்து படிச்சனான்" என்றாள் சித்தி. அம்மாவின் முகம் மாறிவிட்டது. கனடாக்காரனே இருபது கேள்வி கேட்டால், இவ்வளவு பெரிய இந்தியா எத்தனை கேட்கும்?

அப்பா சிரித்தார். "இங்க யாரு கேக்கப் போறா? பொறந்து வளந்த எனக்கே ஒண்ணும் தெரியாது."

"பிறந்த ஆக்களுக்குத் தெரியத் தேவையில்லை. எனக்குத்தான் தெரியோணும்" என்றாள் அம்மா.

அம்மா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். என் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம் அவளுக்கு இரண்டு நாளைக்குக்கூடப் போதவில்லை. மாடி வீட்டு அக்காவிடம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை இரவல் வாங்கினாள். காலையில் அப்பாவுக்குச் சாப்பாடு கட்டுகிற அவசரத்திலும் அடிப்படைக் கடமைகளை முணுமுணுப்பாள். சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் தாள் ஒட்டினாள். அரிசி டப்பா மக்களவை, பருப்பு டப்பா மாநிலங்களவை. ஒருநாள் அப்பா காப்பிக்குச் சீனி தேடி நாலு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இந்தச் சீனிய எந்த நீதிமன்றத்துல வச்சிருக்கா ஒங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். உச்ச நீதிமன்றம் என்று சொன்னேன். மேல் தட்டில் இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வகுப்பு தொடங்கும். நான் கட்டிலில் உட்காருவேன். அம்மா தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் உரித்துக்கொண்டே பதில் சொல்வாள். அவளை முதலில் மடக்கியது குடியரசுத் தலைவர்தான். அவள் ஊரில் ஜனாதிபதி என்றால் எல்லாம் அவர்தானாம். இங்கேயோ முதல் குடிமகன் என்று போட்டுவிட்டு, வேலையெல்லாம் பிரதமர் பார்க்கிறார் என்று புத்தகம் சொன்னது.

"அப்ப பிரதமரை ஆர் கேள்வி கேக்கிறது?"

"நாடாளுமன்றம்."

"நாடாளுமன்றத்தை?"

"மக்கள்."

"மக்களை ஆர் கேள்வி கேக்கிறது?"

புத்தகத்தில் அது இல்லை. ஆனால் தெரியாது என்று சொன்னால் டீச்சருக்கு என்ன மரியாதை? "தாசில்தார்" என்றேன். அம்மா உரித்த பயற்றைக் கையில் வைத்தபடியே கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "ஓம், அது சரிதான்" என்றாள். மஞ்சள் பையோடு எத்தனை முறை அந்த ஆபீஸ் படி ஏறியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. என் பதில் அவ்வளவு சரியாக இருந்ததில் எனக்கே ஆச்சரியம்தான்.

மாதத்துக்கு ஒரு பரீட்சை வைத்தேன். கோடு போட்ட தாள், ஒரு மார்க் கேள்வி, கோடிட்ட இடம், சிறுவினா எல்லாம் உண்டு. துணைக்கு ஆள் இருந்தால் அம்மாவுக்குப் பயம் தெளியும் என்று அப்பாவையும் ஒருமுறை உட்கார வைத்தேன். நம் வார்டு கவுன்சிலர் யார் என்ற கேள்விக்கு, போன தேர்தலில் தோற்றுப்போனவர் பெயரை எழுதினார். தமிழ்நாட்டு ஆளுநரை நியமிப்பவர் யார் என்ற கேள்விக்கு 'பெரிய ஆள் யாராவது' என்று எழுதியிருந்தார். அம்மா எண்பத்தொன்று. அப்பா பன்னிரண்டு, அதிலும் நாலு கையெழுத்துக்காக நான் போட்டது.

"சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? நல்லவேளை, நான் இங்கயே பொறந்துட்டேன். இல்லன்னா என்னைய ஊருக்குள்ளயே விட்டிருக்க மாட்டாக" என்றார் அப்பா. அம்மா அன்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த கையோடு தப்பாகிப்போன பத்தொன்பது மார்க்குக்கான விடைகளையும் ஒவ்வொன்றும் பத்துத் தடவை எழுதத் தொடங்கிவிட்டாள்.

நாலு மாதம் கழித்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. விசாரிக்கிற அதிகாரி அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் என்பதால் அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டிய நீலப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். அப்பாவோடு நானும் லீவு போட்டேன். டீச்சர் இல்லாமல் மாணவி எப்படிப் பரீட்சைக்குப் போவாள்? கேள்வி நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டேன்.

பெஞ்சில் காத்திருந்த நேரமெல்லாம் அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் பட்டா மாற்ற வந்திருந்த கான்சாபுரத்துப் பெரியவர் ஒருவர், "என்னம்மா, வேண்டுதலா?" என்று கேட்டார். "பரீட்சை தாத்தா, அடிப்படை உரிமைகள்" என்று நான் சொன்னேன். அவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாள்களைப் புரட்டினார். பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு, எத்தனை வருடம், எத்தனை பிள்ளை என்று மட்டும் கேட்டார். அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்தில் நின்ற கிளார்க் சரிபார்த்தார். அதிகாரி கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார்.

"சரிம்மா. போயிட்டு வாங்க."

அப்பா எழுந்தார். நானும் எழுந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை.

"ஐயா, என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே?"

"அதான் கேட்டாச்சேம்மா."

"அது இல்லை ஐயா. சோதினைக் கேள்வி. நாலு மாசம் படிச்சனான்."

அப்பா அம்மாவின் முழங்கையைத் தொட்டு, "ஏம்மா, வா. அவியளுக்கு வேல கெடக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா முழங்கையை இழுத்துக்கொண்டாள். போட்ட கையெழுத்தை அவர் அடித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேள்வி நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அம்மாவுக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. பாஸ் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, தான் பாஸானதை அவர் பார்க்கவும் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிங்களா? சரி, குடியரசுத் தலைவரை யாரும்மா தேர்ந்தெடுக்கிறாங்க?"

"நாடாளுமன்றத்தின் இரண்டு அவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும், மாநில சட்டமன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும். நியமன உறுப்பினருக்கு வாக்கு இல்லை" என்றாள் அம்மா, ஒரே மூச்சில்.

அதிகாரி கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் மின்விசிறியைப் பார்த்தார். "நியமன உறுப்பினருக்கு இல்லையாய்யா?" என்று அதிகாரி கேட்க, "பாத்துச் சொல்லுதேன்யா" என்றார் கிளார்க். எனக்கு அந்த அறையில் இரண்டு அடி உயரம் கூடிப்போனது.

"அடிப்படை உரிமைகள்?"

"ஆறு. முதல் ஏழு இருந்தது. சொத்துரிமையை எடுத்துப்போட்டினம்."

"போதும்மா, போதும். எனக்கே பயமா இருக்கு" என்று அவர் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது பரீட்சை இல்ல, சும்மா கேக்கேன். எதுக்கும்மா இவ்வளவு வைராக்கியம்? வருசா வருசம் பெர்மிட்டு கொடுத்துக்கிட்டுத்தான இருக்கோம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் தயார் செய்திருக்கவில்லை. அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"ஐயா, சண்டை நேரம் நாங்கள் ஏழு இடம் மாறினனாங்கள். ஒவ்வொரு இடத்திலயும் 'இஞ்ச இருக்கலாமோ' எண்டு ஆரிட்டயாவது கேக்கோணும். இஞ்ச வந்தும் வருசா வருசம் அதைத்தான் கடதாசியில எழுதிக் கேக்கிறன். இனிக் கேக்காமல் இருக்கோணும் ஐயா. அவ்வளவுதான்."

சிறுவினாவுக்கு இப்படியா பதில் எழுதுவது என்று எனக்கு ஒரே அவமானம். உரிமைகள், கடமைகள், இறையாண்மை என்று எவ்வளவு சொல்லிக்கொடுத்திருந்தேன், அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லையே. ஆனால் அதிகாரி மூடிய ஃபைலை மறுபடி திறந்தார். பிறகு அடுத்து நடக்க வேண்டியதை நிதானமாகச் சொன்னார். டெல்லியிலிருந்து சம்மதக் கடிதம் வரும். வந்ததும் இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டதாக எழுதிக்கொடுத்து, பாஸ்போர்ட்டை அவர்கள் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று கொண்டுவர வேண்டும். உறுதிமொழி எடுத்தால் இந்தியக் குடிமகள். அதற்குப் பிறகு வவுனியாவுக்குப் போவதென்றால் மற்ற இந்தியர்களைப் போல விசா வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

"சம்மதந்தானம்மா?"

"ஓம் ஐயா" என்றாள் அம்மா. குரல் கொஞ்சமும் ஆடவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் எனக்கும் அம்மாவுக்கும் உட்கார இடம் கிடைத்தது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் முகமெல்லாம் பல். கையில் பால்கோவாப் பொட்டலம் வேறு. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நாலு மாதம் பாடம் நடத்தி, அந்த ஆள் கேட்டது இரண்டே கேள்வி. மீதியை நானே கேட்டு முடித்துவிடுவது என்று நோட்டைத் திறந்தேன்.

மாநிலங்களவை உறுப்பினரின் பதவிக்காலம்? ஆறு ஆண்டு. மாவட்ட நிர்வாகத்தின் தலைவர்? ஆட்சியர். ஓட்டுப் போடும் வயது? பதினெட்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டே அம்மா ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை. நான் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.

"அயல்நாட்டவர் என்பவர் யார்? உதாரணம் தருக."

"வேற நாட்டுக் குடியுரிமை வச்சிருக்கிறவை."

"உதாரணம் சொன்னாத்தான் முழு மார்க்."

அம்மா மடியிலிருந்த மஞ்சள் பையின் காதைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது, முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

"இனி, அம்மம்மாதான்" என்றாள்.

சரியான விடை. பெரிதாக ஒரு டிக் போட்டு, முழு மார்க் என்று நோட்டைக் காட்டத் திரும்பினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நூற்றுக்கு நூறு வாங்கப் போகிற ஆள் எதற்காக அழ வேண்டும்? பன்னிரண்டு மார்க் வாங்கிய அப்பா குனிந்து என் கையிலிருந்த நோட்டை மெதுவாக எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்தார். இன்னும் நாலு கேள்வி பாக்கி இருக்கிறது என்று நான் ராஜபாளையம் வரும்வரை அவரோடு சண்டை போட்டேன்.