எழுந்திரிக்கப் போகிற உடம்பு

வாளித் தண்ணீரில் முழங்கையைத் தொட்டுப் பார்க்கிறாள் பெலிசியா. கைக்குழந்தைக்குப் பார்க்கிற சூடுதான் கணக்கு. இன்னும் அரைச் செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு, பெஞ்சில் கிடத்தியிருக்கும் அம்மாளிடம் சொல்கிறாள்: "அக்கா, மொதல்ல மொகம். கண்ணுல சோப்பு படாது, பயப்படாதீங்க."

அந்த அக்கா இறந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

கடலூர் முதுநகரில் பெலிசியாவின் மாதாகோயில் பங்கைச் சேர்ந்த பெண் யார் இறந்தாலும், சாமியாருக்குச் சொல்கிற கையோடு இவளுக்கும் சொல்லிவிடுகிறார்கள். இது அவள் பிழைப்பு இல்லை. பிழைப்புக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை இருக்கிறது. இது கூப்பிட்டால் போவது. போனதும் முதல் வேலை, அறையைக் காலி செய்வது. "அழுறவுங்க வெளியில போயி நல்லா அழுங்க. எனக்கு எடம் வேணும்."

வேலை சுத்தமாக இருக்கும். தாடை விறைப்பதற்குள் பல்செட்டை மாட்டி, மோவாய்க்குக் கீழே துண்டைச் சுருட்டி வைப்பாள். ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரியைப் பிய்க்க மாட்டாள். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து உரிப்பாள். நகம் வெட்டுவாள். காதுக்குப் பின்னால் துடைப்பாள். ஒவ்வொரு உறுப்பையும் துடைக்கும்போது அதற்கு ஒரு நன்றி உண்டு. "இந்தக் காலு எத்தினி வருசம் மீன் கூடையத் தூக்கிக்கிட்டு நடந்துச்சி. தோத்திரம் ஆண்டவரே."

பக்கத்து வீட்டு மாரியம்மாள் ஒரு தடவை கேட்டேவிட்டாள். "செத்தவளுக்கு எதுக்குக்கா வெந்நீர்?"

"எழுந்திரிக்கப் போற ஒடம்புடி. எழுந்த ஒடனே, ஏண்டி என்னைப் பச்சத் தண்ணியில நனைச்சேன்னு சண்டைக்கு வந்தா நீயா பதில் சொல்லுவ?"

பெலிசியா விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதை அவள் நம்புகிறாள், நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று நம்புகிற மாதிரி.

அவள் முதன்முதலில் குளிப்பாட்டியது தன் கணவனை. தச்சு வேலை செய்த அடைக்கலராஜுக்கு வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரியில் இருந்தவரைக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டார். கல்லறையில் ஒரு பிடி மண்ணோடு குனிந்தவளின் மணிக்கட்டைப் பிடித்தாள், சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த நாத்தனார் ஆரோக்கிய ராணி. "எங்கண்ணனக் கொண்ணாந்து கொன்ன கை இது. மண்ணு போடக் கூடாது." ஊரே பார்த்தது. பெலிசியா மண்ணைக் கீழே உதறிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதன்பிறகு பதினாலு வருடம் இருவருக்கும் பேச்சில்லை.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், புதன்கிழமை, ராணியின் மகன் அருள் பிரகாஷ் போன் செய்தான்.

"அத்தை, அம்மாவுக்கும் மாமாவுக்கு வந்த அதே நோவுதான். வீட்டுக்குக் கொண்ணாந்துட்டோம். தான் செத்தா ஒங்க கையாலதான் குளிப்பாட்டணும்னு அம்மா சொல்றாங்க. வேற யாரும் தொடக் கூடாதாம்."

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவை முத்தி செய்யும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது ஆணியடித்த பாதத்துக்கு நேரே குனிந்தவள், முத்தமிடாமலே நிமிர்ந்து வெளியே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, கட்டைப்பையில் ஒரு மாற்றுப் புடவையோடு அவள் கிளம்புவதை மாரியம்மாள் பார்த்தாள்.

"எங்கக்கா?"

"சிதம்பரம்."

"பூட்டாளா?"

"இல்ல. இருக்கா."

"பின்ன எதுக்கு இப்ப? செத்தாத்தான வரச் சொன்னா?"

"செத்தப்புறம் குளிப்பாட்டுனா, நான் வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்குப் பேசுனதெல்லாம் மறந்துட்டியாக்கா?"

"மறக்கல. அவரு ஆணியில தொங்கிக்கிட்டே மன்னிச்சாரு. எனக்கு சன்னல் சீட்டு கெடைக்கும். போறேன்."

சிதம்பரம் வீட்டில், ராணி கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். பெலிசியாவைப் பார்த்ததும் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அண்ணி, செத்தப்புறந்தான வரச் சொன்னேன்."

"அப்ப வந்தா நீ பேச மாட்ட. நானே தனியாப் பேசிக்கிட்டுக் கெடக்கணும்." போர்வையை விலக்கினாள். ராணியின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும். "டேய் அருளு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி பொரட்டிப் போடணும்னு சொல்லலையா யாரும்? வெந்நி வையி."

முகம், கழுத்து, கை. ராணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னைக்கு நான்..."

"கையத் தூக்கு."

தூக்கினாள். அக்குளைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து ராணி மறுபடி பேசத் தொடங்கினாள். "ஆஸ்பத்திரியில என்னென்னமோ குழாய் சொருவுனாங்க. வேணாண்டா, எங்கட்டில்ல கெடந்து சாவுறேன்னு இவங்கிட்ட நானே கெஞ்சினேன். அப்பத்தான் தோணுச்சி. அண்ணனும் ஒங்களக் கெஞ்சியிருப்பாருன்னு."

பெலிசியாவின் கை நின்றது.

"ரெண்டு நாளு கெஞ்சினாரு" என்றாள். பதினாலு வருடத்தில் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீ எங்க கேட்ட?"

ராணியின் கண் ஓரமாக வழிந்ததைத் துண்டின் முனையால் துடைத்தாள். அது சோப்புத் தண்ணீர் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"மன்னிச்சிட்டுத்தான் பஸ்சே ஏறினேன். அந்தப் பக்கம் திரும்பு, முதுகு தேய்க்கணும்."

முதுகைத் தேய்த்தாள். எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. சுவரைப் பார்த்தபடியே ராணி மெதுவாகச் சொன்னாள். "பயமா இருக்கு அண்ணி."

"இருக்கும். இருட்டு ரூமுக்குள்ள போறதுன்னா யாருக்கும் இருக்கும்." பெலிசியா துண்டைப் பிழிந்தாள். "ஆனா உள்ள நமக்கு ஆளு இருக்காரு, ஆண்டவரு. மொதல்ல போனவரு அவருதான். போயிட்டு, கதவத் தொறந்துகிட்டு வெளியவும் வந்துட்டாரு. நீ தட்டுனா போதும்."

ராணி சிரித்தாள். ஒரு மாதத்தில் அம்மா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன் என்று வாசற்படியில் நின்ற மகன் பிறகு சொன்னான். பவுடர் போட்டு, புது நைட்டி மாட்டி, முட்டிக்கு இடையில் தலையணை வைத்து, இருமல் வராமல் நிமிர்த்திப் பிடித்துக் கஞ்சி கொடுத்தாள் பெலிசியா. முக்கால் டம்ளர் இறங்கியது. "தோத்திரம் ஆண்டவரே" என்றாள் பெலிசியா, கஞ்சிக்கும் சேர்த்து.

அருள் பிரகாஷ் வண்டிச் சாவியோடு வந்தான். "அத்தை, மூணு மணி பஸ்சப் புடிச்சா ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு ஒங்க கோயிலுக்குப் போயிச் சேந்துடலாம். ஸ்டாண்டுல எறக்கி வுடட்டா?"

அவள் தன் கட்டைப்பையை ராணியின் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். குளிப்பாட்டும்போது நனைந்த தன் புடவையை அலசி, ராணியின் பழைய நைட்டியையும் அலசி, கொல்லைப்புறக் கொடிக்கு எடுத்துப் போனாள். நல்ல காற்று. இரண்டையும் ஒட்டினாற்போல விரித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, நடுவில் ஒரே ஒரு கிளிப்பை மாட்டினாள்.