நெல்லுக்குக் குடை பிடித்தவன்

சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். மலாயாவில் கோலா கெத்தில் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிய பரஞ்சோதி, தன்னை ஏற்றிப்போன லாரியிலிருந்து குதித்து மலைமேலிருந்த கம்பத்துக்கு, மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, ஓடினான். சந்தையில் பழக்கமான மாக் தே என்ற மலாய்ப் பெண் அவனை வீட்டில் ஒளித்து வைத்தாள்.

மூன்றாம் நாள் அங்கே முதல் அறுப்பு. நெல்லின் உயிர் என்று ஏழு கதிர்களை அறுத்து, பச்சைப்பிள்ளையைப் போலத் துணியில் சுற்றிக் கூடையில் எடுத்துப்போவது அவர்கள் வழக்கம்.

"வீடு சேர்ற வரைக்கும் யாரும் வாய் திறக்கக்கூடாது. நீ கூடைக்குக் குடை பிடி," என்று மாக் தே முன்பே மலாயில் சொல்லியிருந்தாள்.

கதிர்க்கூடையோடு திரும்பும்போது பாதி வழியில் இரண்டு ஜப்பான் சிப்பாய்கள் எதிரே வந்தார்கள். பரஞ்சோதி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்தான். ஒருவன் ஏதோ கத்திக் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. பரஞ்சோதிக்குத் தொண்டை கமறியது.

'முனியாண்டி, இருமல் மட்டும் வந்துடக்கூடாதுப்பா.'

சிப்பாய் துணியை விலக்கினான். கதிர்களைச் சற்று நேரம் பார்த்தான். அவன் ஊரிலும் நெல் விளையுமோ என்னவோ, துணியை மூடிவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

வீடு சேர்ந்ததும், "இனிப் பேசலாம்," என்றாள் மாக் தே. பரஞ்சோதி அதுவரை அடக்கி வைத்திருந்ததை இருமித் தீர்த்தான். ஜப்பான்காரர்கள் போகும்வரை அவன் மலையை விட்டு இறங்கவே இல்லை.