சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்

நான் பார்த்தேன்.

பார்க்கவில்லை என்றுதான் எழுதினேன். கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன். என் மனைவி ஒருமுறை என் முகத்தை உற்று நோக்கியபோது, வல்லாஹி என்று சத்தியம் வேறு செய்தேன். அத்தனையும் பொய்! என் கூடப்பிறந்த ராத்தாவின் மகள் ஹுஸ்னா அந்த மேடையில் தனியே ஆடியதை, திரும்பாதே என்று போடப்பட்ட கதிரையில் இருந்துகொண்டே திரும்பி, இந்த இரண்டு கண்களாலும் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அந்தக் கட்டுரையை எழுதினேன்.

எந்தக் கட்டுரை என்று கேட்டு என்னைச் சிரிக்க வைக்காதீர்கள். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, அதைக் கைபேசியில் அடுத்தவருக்குத் தள்ளிவிடாத விரல் எது? நீங்களும் அனுப்பினீர்கள்... கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை அடியில் வரிசையாக ஒட்டி அனுப்பினீர்கள்! ஆகவே இதையும் வாசியுங்கள். இதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. பழக்கதோஷத்தில் ஓரிரண்டு இடங்களில் தவறி வந்துவிடலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் பத்திரிகையில் உங்களைச் சிரிக்க வைப்பவன். பரிசளிப்பு விழா, புத்தக வெளியீடு, கலியாண வீடு என்று எங்கே ஒலிவாங்கி இருக்கிறதோ அங்கே நானும் இருப்பேன். தலையில் மயிர் குறைந்து, இரத்தத்தில் சீனி கூடி, அலுமாரியில் புத்தகம் நிரம்பிய நடுவயதுக்காரன். எல்லாவற்றையும் வாசித்தவன் என்று ஊரில் பெயர். எதையும் நேரே பார்க்கத் தைரியம் இல்லாதவன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த செய்தி.

அது பெண்களுக்கு மட்டுமான நிகழ்ச்சி. ஊர்ப் பெண்கள் சங்கம் ஒன்று மண்டபம் எடுத்து, சன்னல்களுக்கெல்லாம் சேலை கட்டி, வாசலில் இரண்டு பெண்களைக் காவலுக்கு நிறுத்தி அதை நடத்தியது. ஹுஸ்னா கொழும்பில் தன் மாமி வீட்டில் இருந்து படித்தவள். அங்கேதான் பலே பழகினாள். கால் பெருவிரல் நுனியில் நின்று வெள்ளைக்காரர்கள் ஆடுவார்களே, அது. முன்பக்கம் கட்டை வைத்தாற்போல் இறுகிய ஒரு சப்பாத்து அதற்கென்று உண்டு. "எங்கட பெண்டுகளுக்கு முன்னால ஒருக்கா ஆடணும் மாமா" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆண் வாடை கூடாத அந்த மண்டபத்துக்கும் ஓர் ஆண் தேவைப்பட்டான். ஒலிபெருக்கிப் பெட்டியின் பித்தான்கள் அங்கே ஒருவருக்கும் பிடிபடவில்லை. வாடகைப் பெட்டியோடு வருகிற அந்நிய ஆண்களை உள்ளே விட முடியாது. நானோ ஆடுபவளின் சொந்தத் தாய்மாமன். மார்க்கப்படி அவளுக்கு முன்னால் வரத் தடையில்லாதவன். மற்றப் பெண்கள்? அதற்குத்தான் சுவர்! மேடையின் ஓரத்தில், திரைக்கு உட்பக்கமாக, சுவரைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் கதிரை.

சங்கத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. கதிரையைத் தானே நகர்த்திச் சரிபார்த்தார்.

"சேர், இஞ்சால திரும்பப்படாது. திரும்பினா அல்லாஹ்வுக்குத்தான் நீங்க பதில் செல்லணும், எனக்கில்ல."

"சுவர் என்னப் பாத்துப் பயப்படாட்டிச் சரி டீச்சர்."

"பகிடிய ஞாயித்துக்கிழமைக்கு வெச்சிக்கங்க."

வைத்துக்கொண்டேன்.

ஆட்டத்தின் பாதியில் இசை நின்றது. மடிக்கணினி தன் பாட்டில் எதையோ செய்யத் தொடங்கி, இசையை விழுங்கிவிட்டது. பித்தான்களை மாறி மாறித் தட்டினேன். இனி அவளும் நிற்பாள், பெண்கள் சலசலப்பார்கள், ஆசிரியை வந்து என்னைத் தின்பார் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை! சப்பாத்து நுனி பலகையில் ஊன்றும் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. டக்... நீண்ட இடைவெளி... டக். நடுவே அவளுடைய மூச்சு.

திரும்பினேன். பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கவே திரும்பினேன் என ஒரு சாட்டு என்னிடம் உண்டு. நம்பாதீர்கள்.

மேடை நடுவே, ஓரங்கள் ஒட்டப்பட்ட மெல்லிய பாய் ஒன்று. அதன் மேல் அவள். கணுக்கால் வரை தொளதொளத்த வெள்ளை உடுப்பு, தலையில் முக்காடு. அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைக் கைபேசியில் நானும் பார்த்திருக்கிறேன். மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பறப்பார்கள். இவள் பாயை விட்டு வெளியே வரவே இல்லை! விரல் நுனியில் எழுந்து ஓரம் வரை வருவாள். உடம்பு முழுவதும் வெளியே சாயும். கை வெளியே நீளும். கால் நுனி மட்டும் ஓரத்தைத் தாண்டாது. பறக்கத் தெரிந்த ஒருத்தி பறக்காமல் நிற்பதை நீங்கள் பார்த்ததுண்டா? பார்க்கிறவனுக்கு நெஞ்சு வலிக்கும்.

பிறகு அவள் வாசலைப் பார்த்தாள். மேடையில் வாசல் ஏது? அவள் பார்த்த பிறகு அங்கே ஒரு வாசல் இருந்தது. தலை முதலில் திரும்பவில்லை. முதலில் பிடரி கேட்டது, அடுத்துத் தோள் கேட்டது, அதன் பிறகே முகம் போனது. யாரோ வருகிற அரவம்... குதிகால் உயர்ந்தது. உயர்ந்து, நின்றது. யாரும் வரவில்லை. குதிகால் இறங்கத் தொடங்கியது.

அந்த இறக்கம்! காலை உயர்த்துவது பயிற்சி. வருடக்கணக்கில் பழகினால் யாரும் உயர்த்தலாம். இறக்குவதில்தான் அவள் கலைஞி. முதல் தடவை, இதோ வந்துவிடுவார் என்பதுபோல் இறக்கினாள். அடுத்த தடவை, நான் ஒன்றும் யாரையும் எதிர்பார்க்கவில்லையே என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இறக்கினாள். அதற்கும் அடுத்த தடவை குதிகால் எழவே இல்லை; பிடரி மட்டும் கேட்டுவிட்டு அடங்கியது. இசை இல்லாத அந்த மண்டபம் முழுவதும் அவளோடு சேர்ந்து வாசலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது...

அந்தப் பிடரி எனக்குத் தெரிந்த பிடரி. அது என் ராத்தா.

மச்சான் மௌத்தாகி, ராத்தா இத்தா இருந்த காலம். கணவனை இழந்தவள் மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கும் காலம் அது. சின்னவளான ஹுஸ்னா உம்மாவின் பாயிலேயே ஒட்டிக்கொண்டு கிடப்பாள். நான் சொந்தத் தம்பி. தடையின்றி உள்ளே போகக்கூடிய ஒருசில ஆண்களில் ஒருவன். முதல் நாள் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, அசர் தொழுகைக்குப் பொறகு ஒவ்வொரு நாளும் வந்து என்னோட கொஞ்சம் கதச்சிட்டுப் போடா. ஊரையெல்லாம் சிரிக்க வெக்கிறாய். என்னையும் ஒருக்கா சிரிக்க வை."

"வாறன் ராத்தா. வராம இருப்பனா?"

இருந்தேன். அதன் பிறகு ஒரே ஒரு நாள் போனேன், அவ்வளவுதான். ஒலுவிலில் கூட்டம், சம்மாந்துறையில் விழா என்று ஆள்விட்டுச் சொன்னேன். உண்மை அதுவல்ல. அழுகிற ஒருத்தியின் முன்னால் என் சரக்கு விலைபோகாது என்ற பயம்! சிரிக்க வைப்பதற்காக ஊர் ஊராகப் போனவனுக்கு, இரண்டு வளவு தள்ளிப் போகக் கால் வரவில்லை. ராத்தா அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே பின்னொரு வருடத்தில் மௌத்தாகிப் போனாள்.

இப்போது அவள் மகள், ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்க்க, அதை ஆடிக்கொண்டிருக்கிறாள்! வராமல் போனவன் நான். அந்த வெறும் வாசல் நான்! அழுகை வந்ததா? வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. என்னைச் சபையில் நிறுத்தி அடிக்க இந்தப் பெட்டைக்கு எவ்வளவு துணிச்சல் என்று கொதித்தேன். அந்த அடி எனக்கும் அவளுக்கும் மட்டுமே விளங்கும், மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்பதுகூட அந்தக் கொதிப்பில் உறைக்கவில்லை.

பித்தானைக் குத்தினேன். இசை திரும்பி வந்தது. நானும் சுவருக்குத் திரும்பினேன். முடியும் வரை சுவரையே பார்த்தேன். சுண்ணாம்பு உரிந்த சுவர். கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. மெல்லத் தொடங்கி மண்டபம் முழுவதும் பரவிய சிரிப்பு. எங்கோ பிழைவிட்டு விட்டாள் என்று நினைத்தேன். மகிழ்ந்தேன்! ஆம், நன்றாக வாசியுங்கள்... மகிழ்ந்தேன்.

அடுத்த ஞாயிறு கட்டுரை வந்தது. பார்க்காதவன் எழுதிய விமர்சனம் என்பதுதான் அதன் சாமர்த்தியம். எனக்குக் கேட்டதை மட்டும் எழுதுகிறேன் என்று தொடங்கி, யாரோ தேங்காய் உருட்டும் சத்தம், ஆணி அடிக்கும் சத்தம், சேற்று வயலில் புதைந்த காலைக் கொக்கு பிடுங்கும் சத்தம் என்று அடுக்கினேன். பெருவிரலில் நிற்பதற்கா உம்மாமார் பெற்று வளர்த்தார்கள் என்று கேட்டேன். உம்மாவை இழந்த பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன்! கடைசியில் பெண்களாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை என்று முடித்தேன். பெயர் போடவில்லை. நாகரிகம்! ஊரில் பலே ஆடுபவள் ஒருத்திதான் என்பதால் பெயருக்குத் தேவையும் இருக்கவில்லை.

எழுத்து என்ற வகையில் அது நல்ல எழுத்து. இதைச் சொல்லும்போதே வாய் கசக்கிறது... ஆனாலும் நல்ல எழுத்து.

தேநீர்க் கடையில் மருந்துக்கடைக்கார நண்பர் ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சேர், அந்தக் கொக்கு! அந்தக் கொக்கு இரிக்கே... உசிர் போயிட்டு! மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன், கோவிச்சிக்கிட்டு எழும்பிப் போயிட்டா."

"ஏன், என்ன கோவம்?"

"அவ அண்டைக்குப் போனவ. அழுதழுது வந்தவ. இவங்களுக்குப் பகிடி விளங்கினாத்தானே சேர்!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்டவர்கள் எல்லோரும் பெண்கள். எழுதியவன் மட்டும் ஆண். எந்தப் பேச்சு ஊரில் நிற்கும் என்று நான் சொல்லித்தரவும் வேண்டுமா?

பெண்களுக்கு முன்னால் ஒரு பெண் ஆடியதில் ஹராம் தேடிய நீங்கள், அவளைத் தெருத்தெருவாக இழுத்துச் சிரித்ததில் ஒரு பாவத்தையும் காணவில்லை! அக்கரைப்பற்றில் ஆட அழைத்திருந்தவர்கள், "இப்ப வேணாம் மகள், கொஞ்சம் ஆறட்டும்" என்றார்கள். கடைத்தெருவில் அவள் நடந்தால் பின்னால் யாரோ நாக்கைத் தட்டிச் சத்தம் எழுப்பினார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றினாள். ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இனி ஆடமாட்டேன் என்று யாருக்கும் அறிவிக்கவுமில்லை. இல்லாத இடத்தில் வாசல் வைக்கத் தெரிந்த அந்த உடம்பு, இப்போது காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம். அந்தக் கட்டுரையில் ஒரு பயந்தாங்கொள்ளியின் வியர்வை நாறியதே... ஒருவருக்குமா மூக்கில்லை? எழுந்து நின்று, "இவன் பார்த்திருக்கிறான்!" என்று சொல்ல ஊரில் ஒரு வாசகன் இல்லையா? பாருங்கள், என் கோபம்கூட எவ்வளவு தந்திரமாக உங்கள் பக்கம் விரலை நீட்டுகிறது! வாசகன் சிரித்தான், எழுதியவன் தப்பினான். இந்த வித்தை எனக்குக் கைவந்த கலை.

இதையும் நீங்கள் அனுப்பத்தான் போகிறீர்கள். அவளுடைய கைபேசிக்கும் போய்ச் சேரும். சேரட்டும்! ஆனால் நேரில் சொல்லக் கிடைத்த நாளில் நான் என்ன செய்தேன் என்பதையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நோன்புப் பெருநாள். ஹுஸ்னா எங்கள் வீட்டுக்கு வந்தாள், கையில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தோடு. ஸலாம் சொன்னாள். என் மனைவி தேநீர் ஊற்ற உள்ளே போனதும் எனக்கெதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்டு கேக்கன். நீங்க உண்மையிலேயே பாக்கல்லதானே?"

"சுவரத்தான் பாத்தன் மகள்."

நெடிதாக மூச்சு விட்டாள். அவளுடைய முகம் இளகியது.

"எனக்குத் தெரியும். அது உம்மா இத்தா இருந்த கதை மாமா. வாசலப் பாத்துப் பாத்து இருப்பா. கடைசில நீங்க வாறீங்க."

"நானா?"

"ஓம். ஒரு நாள் வந்தீங்களே, ஞாவகமில்லையா? வாசல்ல நிண்டு, 'வெளிய ஒண்டும் புதுசா நடக்கல்ல ராத்தா, உள்ள இருந்ததால உங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல' எண்டு செல்ல, உம்மா வயித்தப் புடிச்சிச் சிரிச்சா. வாப்பா மௌத்தான பொறகு அண்டைக்குத்தான் நான் உம்மாட சிரிப்பக் கண்ட. அந்தச் சிரிப்புத்தான் மாமா முடிவு. அத ஆடத்தான் அவ்வளவு காலமும் பழகின. பெண்டுகளும் அழுகைய விட்டுட்டு என்னோட சேந்து சிரிச்சாங்க..."

நான் வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கக் கூடாத நேரத்தில் பார்த்தவன், பார்க்க வேண்டிய நேரத்தில் சுவரைப் பார்த்திருக்கிறேன்! அவள் என்னை அடிக்கவில்லை. வராத நாட்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வந்த ஒரு நாளைப் பொறுக்கி எடுத்து, அதற்கு ஓர் உடம்பு கொடுத்திருக்கிறாள்... என்னை உள்ளே அழைத்திருக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் அவளுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன்.

"அது பரவால்ல மாமா" என்றாள். "பாக்காம எழுதினதுதானே. பாத்திருந்தா நீங்க அப்பிடி எழுதுற ஆளில்ல. அது எனக்குத் தெரியும்."

சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது.

"இன்னொரு துண்டு வெக்கவா மாமா?"

"ஓம், வை மகள்."

வைத்தாள். தின்றேன். நன்றாக இருந்தது.