வார்டில் என் பெட்டி இரைந்த நாள்

என் மனைவியைக் குளவி கொட்டியபோது நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக் கூரையில் ஏறி ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். திருவிழா, கல்யாணம், சாவு, எதுவானாலும் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சத்தம் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சத்தம் போடுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது என் மனைவியின் கருத்து. அதை மறுத்துப் பேச இதுவரை எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அன்று மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் கூடு கலைந்து குளவி விழுந்திருக்கிறது. மற்றவர்கள் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இவளுக்குத்தான் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, சிறுநீரகம் வரை விஷம் போய், ஆஸ்பத்திரி வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். வீக்கம் வற்றியது. சிறுநீரகமும் சரியாகிவருவதாக டொக்டர் சொன்னார். ஆனால் இவள் சரியாகவில்லை. கதவு சாத்தினால் திடுக்கிடுவாள். மின்விசிறி ஓடினால் போர்வைக்குள் போய்விடுவாள். ஒரு நாள் சோறு கொண்டுபோனேன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

“என்னால இனி மலைக்குப் போக முடியாதுங்க. கொழும்புல அக்கா ஒரு வீட்டு வேலை சொல்லியிருக்கா. அங்கயே தங்கணுமாம். போயிர்றேன்.”

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தலைமுடி பின்னக்கூட எனக்குத் தெரியாது. என் தொழிலோ திருவிழாக் காலத்தில் ஓடும், மற்ற நாளில் படுத்துக்கிடக்கும். இவள் கொழும்புக்குப் போனால் வருஷத்தில் இரண்டு முறை பார்க்கலாம், அவ்வளவுதான். அவளுக்கும் போக ஆசையில்லை, அது அவள் குரலிலேயே தெரிந்தது. மலையா கொழும்பா என்ற கேள்வி அந்தக் கட்டிலில் அவளோடு படுத்திருந்தது.

அந்த வார்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் வந்துபோனார். இசைச் சிகிச்சையாளர் என்று பெயர் அட்டையில் போட்டிருந்தது. வார்டில் எல்லோரும் ‘பாட்டு மிஸ்’ என்றார்கள். கட்டிலுக்குக் கட்டில் போய் உட்கார்ந்து, மெதுவாகப் பாடி, கையைத் தட்டச் சொல்லி, மூச்சை இழுத்து விடச் சொல்லுவார். டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு வயதான அம்மாவுக்கு அவர் பாடினால்தான் தூக்கம். கையில் ஒரு கைப்பேசி மட்டும்தான். அதில் சுருதி மெல்லியதாக ஓடும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. சத்தத்தையே சோறாகத் தின்கிறவன் நான். இந்த ஆள் இவ்வளவு பெரிய வார்டில் கொசு மாதிரி ஒரு சுருதியை வைத்துக்கொண்டு என்ன வைத்தியம் பார்க்கிறார் என்று நினைத்தேன். “மிஸ், நம்மகிட்ட ஸ்பீக்கர் பெட்டி இருக்கு, கொண்டாந்து தர்றேன்” என்றேன். வேண்டாம், இதுவே போதும் என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் முதலில் வேண்டாம் என்பார்கள், அது மரியாதை என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த முறை என் ஆட்டோவில் பெட்டியையும் பழைய அம்ப்ளிஃபயரையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். வாசலில் இருந்த காவலாளியிடம் டொக்டர் கேட்டார் என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

அந்த அம்ப்ளிஃபயருக்கு ஒரு குணம் உண்டு. பாட்டுப் போடும்வரை தன்பாட்டுக்கு இரையும். ‘ம்ம்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரே சீராக வரும். கோயில் வெளியில் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாலு சுவருக்குள், சிமெந்துத் தரையில், அது வேறு மாதிரி கேட்டது. நான் சுவிட்சைப் போட்டதும் என் மனைவி தலையோடு போர்வையை இழுத்தாள். பக்கத்துக் கட்டிலில் உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்து, இங்கே குளவிக் கொட்டு வாங்கிய ஒரு பெண் இருந்தாள். அவள் கட்டிலுக்கு அடியிலேயே போய்விட்டாள். சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

சத்தியமாகக் கூட்டினேன். இப்போதும் அதை நினைத்தால் என் கை எனக்கே அந்நியமாகத் தெரிகிறது.

தாதியம்மா “வஹன்ன, வஹன்ன” என்று சிங்களத்தில் நிறுத்தச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் பாட்டு மிஸ் வந்து சுவிட்சை அணைத்தார். என்னைத் திட்டுவார் என்று குனிந்து நின்றேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்தவள் வெளியே வரும்வரை தரையிலேயே உட்கார்ந்து, அவள் மூச்சுக்கு ஏற்றபடி மெதுவாகப் பாடினார். அப்புறம் என் மனைவியிடம் போய், போர்வையை விலக்காமல், என்ன கேட்டது என்று கேட்டார்.

போர்வைக்குள்ளிருந்து அவள் சொன்னாள்: “கொட்டுன வலியெல்லாம் போயிருச்சு மிஸ். அந்தக் குளவிச் சத்தந்தான் போகல. காதுக்குள்ளயே இருக்கு.”

நான் அவளோடு பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியவன். தினமும் சோறு கொண்டுபோனவன். அவள் வலிக்குப் பயப்படுகிறாள், குளவிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன். சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்பது சத்தக்காரனான எனக்குத் தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன். பாட்டு மிஸ் வாசலில் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, டொக்டரிட்ட நான் கதைக்கிறன். அடுத்த முறையும் உந்தப் பெட்டியைக் கொண்டு வாங்கோ. ஆனா நீங்க தொடப்படாது.”

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நிஜமாகத்தான் சொன்னார். டொக்டரிடமும் பேசியிருந்தார். அடுத்த முறை அதே பெட்டியையும் அம்ப்ளிஃபயரையும் ஒரு சிறிய அறையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை என் மனைவியின் கையில் கொடுத்தார். நான் வராந்தாவில் உட்கார வேண்டும் என்பது உத்தரவு. கதவு பாதி திறந்திருந்தது. அவள் திருகைத் தொட்டாள், எடுத்தாள், மறுபடி தொட்டாள். கேட்டும் கேட்காததுமாக ஒரு இரைச்சல் வந்தது. உடனே அணைத்தாள். “உங்கட கையிலதானே இருக்கு” என்றார் மிஸ். அன்று முழுக்க அவ்வளவுதான் நடந்தது, போடுவதும் அணைப்பதும். நானாயிருந்தால் இதற்குள் மூன்று கல்யாணத்துக்கு வயர் இழுத்திருப்பேன். அவர் முகத்தில் கொஞ்சமும் அவசரம் இல்லை. என் மனைவிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரமும் உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறுமையை நான் அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை.

சில நாட்களில் இரைச்சல் சிறிதாக ஓடிக்கொண்டிருக்க, அதோடு சேர்ந்து பாடலாம் என்றார். கொழுந்து பறிக்கும்போது என்ன பாடுவீர்கள் என்று கேட்டார்.

“பாட்டா? எங்க மிஸ் பாடுறது. ஊர்க்கதைதான் பேசுவோம்.”

“அப்ப ஊர்க்கதையே கதைப்பம்.”

அந்த இரைச்சலையே சுருதியாக வைத்துக்கொண்டு, கொழுந்து கிள்ளும் வேகத்தில் தொடையில் தட்டி, கதையை இழுத்து இழுத்துச் சொல்ல வைத்தார். என் மனைவி ஒரு வரி சொன்னால் உடப்புசல்லாவைக்காரி ‘ஆமாடி ஆமா’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். யாருடைய கதை என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். நான் உப்பு வாங்கப் போய் மறந்து வந்தது, மாமனார் சாவு வீட்டில் தவறிப்போய்க் குத்துப்பாட்டு ஓடவிட்டது, சைக்கிள் ஓட்டுகிறேன் என்று கொழுந்துக் காட்டுக்குள் விழுந்தது, ஒன்றையும் விடவில்லை. வராந்தாவில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “தம்பி, நீங்கதானா அது” என்று கேட்டார். என் குற்றங்களுக்கு இவ்வளவு நல்ல தாளம் இருக்கும் என்று எனக்கும் தெரியாது.

ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தபோது ஒன்று கண்டேன். திருகு பாதிக்கு மேல் இருந்தது. கூட்டியது அவள்தான். அவளுக்கே அது தெரியவில்லை. மிஸ் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் கிளினிக்குக்குப் போய்வந்தாள். கொழும்பிலிருந்து அக்கா போன் எடுத்தாள். வேலைக்காரி இல்லாமல் அந்த வீட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்களாம், ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். திங்கட்கிழமை மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் இவள்.

திங்கட்கிழமை காலை என்னை வர வேண்டாம் என்றாள். நான் பாதையில் ஆட்டோவை நிறுத்தி, எஞ்சின் பழுது மாதிரி மூடியைத் திறந்து குனிந்துகொண்டேன். வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி அவளுக்குப் பாதையோரமாக ஒரு நிரை தேயிலைச் செடி கொடுத்திருந்தார். கொஞ்ச நேரம் கை சரசரவென்று ஓடியது. பிறகு எங்கிருந்தோ வண்டோ தேனீயோ ஏதோ ஒன்று இரைந்துகொண்டு போனது. எனக்கே கேட்டது. அவள் கை கொழுந்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துப் பெண்களும் நின்றார்கள். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவரப்போகிறாள் என்று நான் எஞ்சின் மூடியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தேன்.

அவள் ஓடவில்லை. மூச்சை ஒரு முறை நீளமாக இழுத்து விட்டதை மட்டும் தோள் அசைவில் பார்த்தேன். அந்தப் பூச்சி போய் முடியும்வரை அசையாமல் நின்றாள். பிறகு இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளிப் பின்னால் கூடைக்குள் வீசினாள். அடுத்ததைக் கிள்ளினாள். கை பழைய வேகத்துக்கு வர வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் வந்ததும் முகம் கழுவக்கூட இல்லை, அக்காவுக்குப் போன் எடுத்தாள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லு என்றாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எஞ்சின் சரியாயிருச்சா?”

“சரியாயிருச்சு. பயமா இருந்துச்சா புள்ள?”

“இருந்துச்சு,” என்றாள். “நாளைக்கும் இருக்கும். காலையில வெள்ளனே எழுப்பிவிடுங்க.”